நாலாவது தடவைக்கு ஓர் ஆள்

வளைகுடா நாடுகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஒரே தமிழன் நான்தான். இதைச் சொன்னால் ஊரில் ஒருத்தனும் நம்புவதில்லை. "போடா, அளக்காதே" என்கிறார்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன வந்தது. எங்கள் லீக்கில் ஆடிய மற்ற எல்லாரும் எஞ்சினியர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பேங்க் ஆபீசர்கள். அவர்கள் சொந்தக் காசில் சட்டை வாங்கி, சொந்தக் காசில் கிரவுண்டு பிடித்து, அடிபட்டால் சொந்தக் காசில் கட்டும் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் கம்பெனியில் வெள்ளிக்கிழமை ஓவர்டைம் போட்டுக் கொடுத்தார்கள். காசு வாங்கி ஆடுகிறவனுக்கு என்ன பெயர்? புரொபஷனல். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

அந்த ஆட்டத்தில் என் வேலைக்குப் பெயர் பன்ட்டர். அது என்ன வேலை என்று ரூமில் விளங்க வைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஷார்ஜா ரோலாவில் அப்போது ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அதில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் கம்பெனியிலேயே பிக்அப் ஓட்டுகிறவர். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், ஆகவே எனக்கு அவர் காக்கா. அவர் சோற்றுக்குப் பருப்பு ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"என்னா ஆட்டம்டா அது? ஒழுங்காச் சொல்லு."

"ஒரு டீம் கையில பந்து இருக்கும் காக்கா. அவனுக்கு நாலு சான்ஸ். அதுக்குள்ள பத்து கஜம் முன்னால போவணும். போயிட்டா மறுபடியும் நாலு சான்ஸ். மூணு தடவை முட்டி மோதிப் பாத்தும் ஆவலைன்னா, நாலாவது தடவைக்கு என்னையக் கூப்புடுவாங்க."

"நீ போயி கோல் போடுவே."

"இல்ல காக்கா. நான் போயி பந்தை எட்டுன மட்டும் உதைச்சு, எதிராளிக்கிட்ட குடுத்துட்டு வந்து உக்காந்துக்கிடுவேன்."

காக்கா பருப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எதிராளிக்கிட்டயா?"

"ஆமா. ஆனா தூரமாக் கொண்டுபோய்க் குடுப்பேன். அவன் அம்புட்டுத் தூரத்துலேருந்து திரும்பி வரணும்ல?"

"அட கிறுக்குப் பயலே! இதுக்கு ஒரு ஆளு, அவனுக்கு ஒரு ஓவர்டைமு! நம்ம ஊர் கிரவுண்டுல இந்த வேலை பாத்துப்பாரு, செருப்பு பிஞ்சிரும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் ஊற்றிக்கொடுத்த பருப்பைச் சாப்பிட்டிருக்கவே கூடாது. பசி, சாப்பிட்டுவிட்டேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை இதுதான். அஜ்மானில் ஏசி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒரு கம்பெனியின் குடோனில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். எங்கள் மேனேஜர் அமெரிக்கர், டெக்சாஸ்காரர். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார், அப்படியும் வாரம் ஒருமுறை இடித்துக்கொள்வார். ஒருநாள் மதிய இடைவேளையில் அவரும் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் குடோன் முற்றத்தில் ஒரு பந்தை வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கூராக, நடுவில் தொப்பை வைத்து, இளநீர்க்காய் மாதிரி ஒரு பந்து. அது கைதவறி உருண்டு நான் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தது. "இங்கே போடு" என்று மேனேஜர் கையைக் காட்டினார்.

கையால் போட்டிருக்கலாம். ஆனால் நான் எங்கள் ஊர் டீமுக்குப் பல வருஷம் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, நின்றவன். எங்கள் கடற்கரை ஊரில் தொழுகைக்கு அடுத்தபடி ஃபுட்பால்தான். பந்து கைக்கு வந்தால் கோலி என்ன செய்வான்? டீ கிளாஸை வைத்துவிட்டு, பந்தை எடுத்து, இரண்டு எட்டு வைத்து ஓர் உதை விட்டேன். பந்து மேனேஜர் தலைக்கு மேலே போய், குடோன் கூரைக்கு மேலே போய், பின்னாலிருந்த பட்டறையில் எதன் மீதோ டமாரென்று விழுந்தது. அந்தப் பக்கம் ஒரு பட்டான் மெக்கானிக் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிற சத்தம் கேட்டது. முடிந்தது வேலை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மேனேஜர் மெதுவாக நடந்து என்னிடம் வந்து, குனிந்து என் வலது காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அதே மாதிரி இன்னொன்று அடி," என்றார்.

அவர் பேசிய இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் புரியும். மீதிப் பாதிக்கு "யெஸ் சார்" என்று வைத்திருந்தேன். அவர் என்னவெல்லாமோ கேட்டார், நான் எல்லாவற்றுக்கும் யெஸ் சார் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வந்தால் காக்கா பிக்அப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஏறு. ஒனக்கு என்னமோ டூட்டியாம்." துபாய்க்குப் போகிற வழியில் ஒரு மண் கிரவுண்டு. அங்கே என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தோளில் மெத்தை மாதிரி எதையோ கட்டி நிறுத்திவிட்டார்கள். அந்த ஹெல்மெட்டுக்குள் வெந்த என் தலையில் முட்டையை உடைத்து ஊற்றியிருந்தால் ஆம்லெட் ஆகியிருக்கும்.

இதையெல்லாம் நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். ஓவர்டைமுக்காக இல்லை. ஒரு ஸ்டூலுக்குப் பயந்து.

எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் போனேன். லீவு முடிகிற வரைக்கும் ராஜ மரியாதை. கிளம்புவதற்கு முந்திய நாள் மாமனார் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். அங்கேதான் பிடித்தது சனியன். வேலையில் நான் ஸ்டோர் கீப்பர், விசாவில் நான் கொத்தனார். அந்தக் காலத்தில் அது சாதாரணம். கம்பெனிக்கு எந்த வேலைக்கு விசா கிடைக்கிறதோ அதில் ஆளை இறக்குவார்கள். எங்கள் அக்கவுண்டன்ட் விசாவில் வெல்டர். காக்கா விசாவில் தையல்காரர், அவருக்குச் சட்டையில் பட்டன் போனால் ஊக்கு வைத்துத்தான் குத்திக்கொள்வார்.

இதை மாமனாரிடம் எப்படி விளக்க? "அப்படியா மாப்புளே," என்று அமைதியாகச் சொன்னார். அன்று சாயந்திரம், "கொல்லைச் செவரு ஒரு பக்கமாச் சாயுது, கொஞ்சம் என்னான்னு பாருங்களேன்" என்றார். நான் போய்ப் பார்த்தேன். தட்டிக்கூடப் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

கொத்தனார் விசாவில் மனைவியைக் கூப்பிட முடியாது. சூப்பர்வைசர், கிளார்க் என்று ஏதாவது கௌரவமாக இருக்க வேண்டும். நான் இங்கே திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமை தோறும் போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசுவேன். என் மனைவிக்கு ஒரே கேள்விதான்.

"மச்சான், விசா என்னாச்சு?"

"ஆயிரும்மா. மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்கேன்."

"வாப்பா ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள விசா வரலைன்னா ஒங்களை வேலையை முடிச்சிட்டு ஊருக்கே வரச் சொல்றாங்க. கடையில ஒங்களுக்கு ஒரு ஸ்டூல் செஞ்சு போட்டாச்சு."

மாமனாருக்குப் பஜாரில் பாத்திரக்கடை. கல்லாவில் அவர் உட்காருவார். அவருக்குப் பக்கத்தில், அவர் முழங்கை என் விலாவில் படுகிற தூரத்தில், ஒரு ஸ்டூல். அடுத்த வாரம் அந்த ஸ்டூலுக்கு நீலப் பெயின்ட் அடித்தாகிவிட்டது என்றாள். அதற்கடுத்த வாரம் மேலே வைக்க ஒரு குஷன் தைக்கக் கொடுத்திருக்கிறார் என்றாள். "மச்சான், எனக்கு அந்த ஸ்டூலைப் பாத்தாலே பயமா இருக்கு. அதுல உக்காந்தீங்கன்னா ஆயுசுக்கும் எந்திரிக்க மாட்டீங்க. என்னைய அங்க கூப்பிட்டுக்கோங்க. எட்டுப் பேர் இருக்குற ரூமா இருந்தாலும் பரவாயில்ல." எட்டுப் பேரோடு எப்படி இருப்பாள்! சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் இந்தியையும் இரண்டு கைகளையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, "சீசன் முடியட்டும், கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். ஆகவே நான் உதைத்தேன். வாரா வாரம் உதைத்தேன்.

இந்தத் தொழிலின் கேடு என்னவென்றால், நம் ஆட்கள் நன்றாக ஆடினால் நமக்கு வேலையில்லை. அவர்கள் மூன்று தடவையும் தோற்றால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் உள்ளே போகும்போது எவன் முகத்திலும் ஈ ஆடாது. எழவு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைவேன். உதைப்பேன். வெளியே வருவேன். ஆட்டத்துக்குப் பெயர் ஃபுட்பால், ஆனால் மைதானத்தில் நிற்கிற அத்தனை தடியன்களும் கையில்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பந்துக்குக் கால் படுவதே அபூர்வம். அந்தக் கால் என்னுடையது. அதற்காவது ஒரு மரியாதை வேண்டாமா? தண்ணீர் குடிக்கும் வரிசையில்கூட என்னைக் கடைசியில்தான் விட்டார்கள்.

மேனேஜருக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில் தகராறு. எங்கள் ஊர் கிரவுண்டு கடலை ஒட்டியது. எதிர்க்காற்று அடிக்கும்போது கோலி பந்தை அந்தரத்தில் உதைத்தால் அது உயரப் போய், காற்றில் திரும்பி, நம் தலையிலேயே விழும். அதனால் நாங்கள் பந்தைத் தரையில் போட்டு, அது எழும்புகிற அதே நொடியில் அடிப்போம். தட்டி அடிக்கிறது என்று பெயர். பந்து தாழ்வாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இந்தக் கூர்ப் பந்தை அப்படி அடிக்க முடியுமா என்று குடோன் முற்றத்தில் நேரம் கிடைத்தபோதெல்லாம் பழகினேன். கூர் முனை சரியாகத் தரையில் பட்டால் நேராக எழும்பும், கொஞ்சம் பிசகினால் குருட்டுக் கோழி மாதிரி எங்கேயோ ஓடும். போகப் போகக் கைக்கு வந்துவிட்டது. ஒருநாள் மேனேஜர் பார்த்துவிட்டார்.

"நோ! தரையில் படக் கூடாது! தரை மாஃபி!" என்று கத்தினார். இங்கே எல்லாருக்கும் 'இல்லை' என்பதற்கு அந்த அரபிச் சொல்தான். "தரையில் பட்டால் கலாஸ், பந்து செத்தது. புரிகிறதா?"

"யெஸ் சார்."

சீசன் கடைசிக்கு வந்தபோது இடி விழுந்தது. மேனேஜரை அமெரிக்காவில் இருக்கிற தலைமை ஆபீசுக்கே மாற்றிவிட்டார்கள். கடைசி மேட்ச் வெள்ளிக்கிழமை மத்தியானம், அன்று ராத்திரியே அவருக்கு ஃபிளைட். பதிலுக்கு வருகிறவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாத மகான் என்று ஆபீசில் பேச்சு. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் குஷன் தைத்து வந்துவிட்டது, மஞ்சள் பூப் போட்ட குஷனாம்.

எங்கள் கம்பெனியின் மந்தூப், அதாவது அரசாங்க ஆபீசுகளுக்கெல்லாம் காகிதத்தோடு அலைகிறவர், ஒரு சூடானி. வெள்ளை ஜுப்பா, தலைப்பாகை, கக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த ஃபைல். என் வேலைப் பெயரைக் கொத்தனாரிலிருந்து ஸ்டோர் கீப்பராக மாற்றும் காகிதத்தை அவர் தயாராக்கி வியாழக்கிழமை முழுக்க மேனேஜர் பின்னாலேயே அலைந்தார். மேனேஜர் பெட்டி கட்டுகிற அவசரத்தில் "மேட்சுக்குப் பிறகு, மேட்சுக்குப் பிறகு" என்று தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் மந்தூப் வெள்ளிக்கிழமை கிரவுண்டுக்கே வந்துவிட்டார். நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருந்தேன்.

"சதீக், என் வாழ்க்கையில் இதுதான் நான் பார்க்கும் முதல் விளையாட்டு," என்றார் உருதுவில். சதீக் என்றால் அரபியில் சிநேகிதன். "இவர்கள் ஏன் ஒருவர் மேல் ஒருவர் படுத்துக்கொள்கிறார்கள்?"

எனக்கு அதைச் சொல்ல நேரமில்லை. கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த கிரவுண்டில் சாதாரண ஃபுட்பால் கோல்தான் உண்டு. இந்த ஆட்டத்துக்குக் கோலுக்கு மேலே இரண்டு பக்கமும் உயரமாகக் கம்பு வேண்டும். ஏசி தண்ணீர் வடிகிற பிவிசி பைப்பை குடோனிலிருந்து கொண்டுவந்து வாரா வாரம் கட்டுகிறவன் நான்தான். ஸ்டோர் கீப்பர் அல்லவா. கோலின் குறுக்குக் கம்பிக்கு, அதாவது பாருக்கு மேலே, அந்த இரண்டு பைப்புக்கும் நடுவே பந்தை அனுப்பினால் மூன்று பாயிண்ட். ஆனால் அது என் வேலை இல்லை. அதற்கென்று வேறொருவன் இருந்தான். அவனுக்காக ஒருத்தன் முட்டிபோட்டுப் பந்தைத் தரையில் பிடித்துக்கொள்ள, அவன் நிதானமாக வந்து அடிப்பான்.

எதிரி அபுதாபி டீம். அந்த சீசனில் அவர்களை ஒருவரும் ஜெயித்ததில்லை. அன்று காலையிலிருந்தே வடகாற்று, ஷமால் என்பார்கள், மண்ணை வாரி வாரி இறைத்தது. மைதானத்தில் பாதி எனக்குத் தெரியவே இல்லை. காற்று எங்கள் ஆட்களுக்கு எப்படியோ ஒத்துழைத்திருக்க வேண்டும், ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றது. மேனேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் கையில் பந்து, மூன்று தடவை முட்டினார்கள், ஒரு கஜம் நகரவில்லை. காற்று நேர் எதிரே. நாலாவது தடவை.

மேனேஜர் என் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து முகத்துக்கு நேரே இழுத்தார். "உயரமாக, தூரமாக. அவ்வளவுதான். சமமாக முடிந்தால் போதும், நான் மரியாதையோடு ஊருக்குப் போவேன். வேறு எதுவும் செய்யாதே."

"யெஸ் சார். சார், பேப்பர்..."

"மேட்சுக்குப் பிறகு! யல்லா, ஓடு!"

ஓரத்தில் மந்தூப் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார், ஜுப்பா பாய்மரம் மாதிரி உப்பியிருந்தது. நான் போய் நின்றேன். பந்து என் கைக்கு வந்தது. அதே நேரம் முகத்தில் அறைந்த மாதிரி ஒரு காற்று, கண் நிறைய மண். எதிரே நாலு தடியன்கள் ஓடிவருகிறார்கள். அல்லா மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் யோசிக்கவில்லை. முகத்தில் எதிர்க்காற்று, கையில் பந்து, என் உடம்பு ஊருக்குப் போய்விட்டது. கை தானாகப் பந்தைத் தரையில் போட்டது. கூர் முனை தட்டி எழும்பியது. கால் தானாக அடித்தது.

தட்டி அடித்துவிட்டேன். தரை மாஃபி என்று சொன்ன மனிதருக்கு முன்னால்.

பந்து தாழ்வாகக் கிளம்பி, காற்றைத் துளைத்துக்கொண்டு, அபுதாபிக்காரர்கள் தலைகளைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தது. நேராகக் கோலுக்கு. என்னுள் இருந்த ஃபுட்பால்காரனுக்கு ஒரு கணம் ஆசைகூட வந்தது, உள்ளே போய்விடுமோ என்று. போகவில்லை. ஒரு முழம் தள்ளி பாருக்கு மேலே போய்விட்டது.

"ச்சே! மேல போயிருச்சே!" என்று ஓரத்திலிருந்து காக்கா கத்தினார். அவரோடு வந்திருந்த மலையாளி டிரைவர்கள் எல்லாரும் தலையில் கையை வைத்தார்கள். நானும் தலையில் கையை வைத்தேன், ஹெல்மெட்தான் கைக்குத் தட்டுப்பட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டம் முடிந்த விசில் ஊதியது. சமமாகத்தான் முடிந்தது, ஆனாலும் நான் பந்தைத் தரையில் போட்ட கோபத்தில் மேனேஜர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து, அதன் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இனி எங்கே கையெழுத்து. நேரே ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவார். நீல ஸ்டூல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, மஞ்சள் பூக் குஷனோடு. அவள் போனில் "பரவாயில்ல மச்சான்" என்று சொல்லப்போகிற குரல் காதில் கேட்டது. அழுதுவிட்டேன். ஹெல்மெட்டில் ஒரு வசதி, உள்ளே அழுதால் யாருக்கும் தெரியாது.

ஆனால் நடுவர் போகவில்லை. அவர் ஒரு கிழட்டு அமெரிக்க வாத்தியார். நெற்றியைச் சொறிந்துகொண்டு கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தன் காருக்கு நடந்தார். டேஷ்போர்டிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து பானெட் மேல் விரித்தார். காற்றில் பக்கங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. எந்தக் காகிதத்தையும் பறக்க விட்டுப் பழக்கமில்லாத எங்கள் மந்தூப் ஓடிப்போய்த் தன் ஃபைலை அதன் மேல் வைத்து அழுத்தினார். இரண்டு டீமும் காரைச் சுற்றி நின்றன. கிழவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

ஆதி காலத்து விதி அது. பந்தைத் தரையில் போட்டு, அது எழும்பும்போது உதைத்து, பாருக்கு மேலே இரண்டு கம்புக்கும் நடுவே அனுப்பினால் மூன்று பாயிண்ட். யாரும் இப்போது அப்படி அடிப்பதில்லை, விதியை யாரும் எடுக்கவும் இல்லை. கிழவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்: மூன்று பாயிண்ட் எங்களுக்கு, ஜெயித்துவிட்டோம்.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. ஏனென்றால் பெரும்பகுதி நான் தலைகீழாக இருந்தேன். மேனேஜர் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். காக்கா பின்னாலேயே ஓடிவந்து, "என்னா, மேலதானே போச்சு? மேலதானே போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபுட்பாலில் பாருக்கு மேலே போனதற்கு ஒருத்தனைத் தூக்கிக் கொண்டாடுவதை அவர் ஆயுசில் பார்த்ததில்லை.

நான் தொங்கிக்கொண்டே, "சார், பேப்பர்," என்றேன்.

"கொண்டா!" என்றார். மந்தூப் காகிதத்தை நீட்டினார். மேனேஜர் என்னை இறக்கி, திருப்பி, என் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினார். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். கையெழுத்து இவ்வளவு நீளமா என்று நான் யோசிக்கும்போதே மந்தூப்பின் அலறல் கேட்டது. மகாபாவி, சந்தோஷத்தில் 'ஸ்டோர் கீப்பர்' என்று இருந்ததை அடித்துவிட்டு, பெரிய எழுத்தில் 'பன்ட்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்!

"மாஃபி! மாஃபி!" என்று மந்தூப் தலைப்பாகையில் அடித்துக்கொண்டார். "லேபர் ஆபீஸ் பட்டியலில் அப்படி ஒரு வேலையே கிடையாது!" அதற்குள் மேனேஜர் எல்லாரையும் கட்டிப்பிடித்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கண்ணாடியை இறக்கி அந்த இளநீர்க்காய்ப் பந்தை என் கையில் திணித்தார். கார் மண்ணுக்குள் போய் மறைந்தது.

மந்தூப் காகிதத்தை வைத்துக்கொண்டு பிக்அப்பின் பின்பக்கத்தில் உட்கார்ந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சதீக், கையெழுத்து இருக்கிறது. வேலைப் பெயரை நான் அரபியில் எழுதியாக வேண்டும். சரியாகச் சொல், இந்தப் பன்ட்டர் என்ன வேலை செய்வான்?"

எனக்கு உருதுவும் அரைகுறைதான். "பாய், நம்ம ஆளுங்க ஒரு சாமானைக் கொண்டுபோகப் பார்ப்பாங்க. முடியாது. அப்போ என்கிட்ட கொடுப்பாங்க. நான் அதை ரொம்ப தூரம் அனுப்பி, அந்தப் பக்கத்துப் பார்ட்டி கையில சேர்த்துருவேன்."

மந்தூப் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அதை முதலிலேயே சொல்வதற்கென்ன? டிஸ்பாட்ச்!" என்றார். "டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். இது அவர்கள் பட்டியலில் இருக்கிறது."

அப்படித்தான் நான் சூப்பர்வைசர் ஆனேன். பெருநாளைக்கு முந்திய வாரம் அவள் வந்து இறங்கினாள். அஜ்மானில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்திருந்தேன். வந்ததும் முதலில் சொன்ன செய்தி, "ஸ்டூல்ல இப்ப பூனை படுத்துக்கிடுது மச்சான். வாப்பா ஒண்ணும் சொல்லலை."

மேனேஜர் போனதோடு டீமும் கலைந்துவிட்டது. பாதிப் பேருக்கு மாற்றல், மீதிப் பேருக்கு முட்டியில் ஆபரேஷன். இருந்தாலும் நான் வேலை பார்த்த இடத்தைக் காட்ட வேண்டாமா? அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கிரவுண்டில் ஒரு குருவி இல்லை. நான் கட்டிய பிவிசி பைப் இரண்டும் கோல் மேலே அப்படியே நின்றன, ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்து. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் மாதிரி, என்று அவள் சிரித்தாள்.

"அடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

பந்தைத் தரையில் தட்டி அடித்தேன். அழகாகப் போயிற்று. இரண்டு பைப்புக்கும் நட்ட நடுவே, பாருக்கு மேலே. மூன்று பாயிண்ட். நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளும் எங்கள் ஊர்ப் பெண்தானே.

"ஐயோ, மேல போயிருச்சே," என்றாள். அவ்வளவு வருத்தம் முகத்தில். "பரவாயில்ல மச்சான். காத்து அப்படி. இருங்க, நான் எடுத்தாறேன்."

நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டாள். மண்ணில் செருப்பு ஒன்று கழன்றது, நிற்கவில்லை. என் தொழில் முழுக்க நான் பந்தை அடுத்தவன் கைக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். உதைத்த பந்தை எடுத்துக்கொண்டு ஒருத்தர் என்னிடமே திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்க வந்து பந்தை என் கையில் கொடுத்து, "இப்ப அடிங்க, உள்ள போயிரும்," என்றாள்.

விதியை அவளிடம் நான் சொல்லவே இல்லை. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் பாருக்கு மேலேயே அடித்துக்கொண்டிருந்தேன்.